மூளை ஸ்கேன் ரிப்போர்ட்டில் ஒளிந்திருக்கும் உப்புத் தண்ணீர்: யார் இந்த அடால்ஃப் ஃபிக்?

பக்கவாதம் என்று சந்தேகம் வந்தால், பெரிய மருத்துவமனைகளில் மூளைக்கு எம்.ஆர்.ஐ எடுப்பார்கள். அந்த ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தால், ஏதோ ஒரு வரியில் 'டிஃபியூஷன்' என்ற வார்த்தையும் 'ஏ.டி.சி' என்ற மூன்று எழுத்தும் இருக்கும். சில ரிப்போர்ட்டுகளில் பக்கத்திலேயே 0.6, 0.8 என்று ஒரு எண்ணும் இருக்கும். நம்மில் பலரும் அதைத் தாண்டி நேராக கடைசி வரிக்குப் போய்விடுவோம். ஆனா, மூளையின் எந்தப் பகுதி செத்துக்கொண்டிருக்கிறது, எதை இன்னும் காப்பாற்ற முடியும் என்று முடிவெடுக்க டாக்டர்கள் பார்க்கும் முக்கியமான எண்களில் அதுவும் ஒன்று.

அந்த எண் முதன்முதலில் பிறந்தது ஸ்கேன் சென்டரில் இல்லை. 1855-ம் ஆண்டு, சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில், 25 வயது இளைஞர் ஒருவர் உப்பையும் தண்ணீரையும் வைத்துச் செய்த சோதனையில். அவர் பெயர் அடால்ஃப் ஃபிக். இன்ஜினீயரிங் படித்தவர்களுக்கு 'ஃபிக் விதி' என்றும், இதய மருத்துவர்களுக்கு 'ஃபிக் தத்துவம்' என்றும் பழகிய பெயர். இரண்டும் ஒரே ஆள்தான் என்பது இரண்டு பக்கத்திலும் பலருக்குத் தெரியாது!

கணக்கு படிக்க வந்தவர்

1829 செப்டம்பர் 3-ம் தேதி, ஜெர்மனியின் காஸல் நகரில் பிறந்தார் ஃபிக். அப்பா அந்த ஊர்க் கட்டடப் பணிகளைக் கவனித்த அதிகாரி. வீட்டில் ஒன்பது பிள்ளைகள், இவர்தான் கடைக்குட்டி. ஒரு அண்ணன் ஹைன்ரிக், சட்டம் படித்தவர். இன்னொரு அண்ணன் லுட்விக், மார்புர்க் பல்கலைக்கழகத்தில் உடற்கூறியல் பேராசிரியர்.

நம்மாளுக்குப் பிடித்தது கணிதம். அதைப் படிக்கத்தான் மார்புர்க் போனார். 'கணக்கு வேண்டாம், மருத்துவம் படி' என்று திசை திருப்பியது வீட்டில் இருந்த அண்ணன்தான். நம்ம ஊர்க் கதை மாதிரியே இருக்கிறது இல்லையா? ஒரே வித்தியாசம், ஃபிக் கணக்கைக் கைவிடவில்லை. அதையும் தூக்கிக்கொண்டே மருத்துவத்துக்குள் நுழைந்தார்.

அது சரியான நேரமும்கூட. உயிருள்ள உடல் தனி ரகம், அதற்குள் ஏதோ ஒரு 'உயிர்விசை' இருக்கிறது, அதை இயற்பியலால் விளக்க முடியாது என்று நம்பியவர்கள் அன்றைக்கு நிறைய பேர். அதை எதிர்த்து ஒரு இளைஞர் அணி கிளம்பியிருந்தது. கார்ல் லுட்விக், ஹெல்ம்ஹோல்ட்ஸ், டு புவா ரேமோன், ப்ரூக்கே ஆகிய நால்வரும் அதில் முக்கியமானவர்கள். உடலில் நடப்பதையும் இயற்பியல், வேதியியல் விதிகளை வைத்தே விளக்கணும், அளக்கணும் என்பது இவர்கள் கட்சி. மார்புர்க்கில் ஃபிக்கிற்கு வழிகாட்டியாக அமைந்தவர் இந்த கார்ல் லுட்விக். பிறகு பெர்லினுக்குப் போய் மற்றவர்களின் பழக்கமும் கிடைத்தது. 1851-ல் டாக்டர் பட்டம். அதற்கான ஆய்வே கண் பார்வையில் வரும் ஒரு ஒளியியல் பிழை பற்றியதுதான்.

1852-ல் லுட்விக் சூரிச்சில் இருந்தார். ஃபிக்கும் அங்கே உதவியாளராகப் போய்ச் சேர்ந்தார். வேலை என்னவோ உடற்கூறியல் கூடத்தில். மனசு மட்டும் வேறொரு கேள்வியில்.

ஒரு ஜாடி, கொஞ்சம் உப்பு, நிறைய பொறுமை

டீயில் சர்க்கரையைப் போட்டுவிட்டு, கலக்காமல் அப்படியே விட்டுவிடுங்கள். சர்க்கரை தானாகவே மெல்ல மெல்ல மேலே பரவும். இதுதான் டிஃபியூஷன். பள்ளிப் புத்தகத்தில் 'விரவல்' என்று படித்திருப்போம். நம் உடலுக்குள் நுரையீரலில் ஆக்ஸிஜன் ரத்தத்துக்குள் போவதும், செல்லுக்குள் சத்து நுழைவதும் கடைசிக் கட்டத்தில் இந்த வழியில்தான்.

தாமஸ் கிரஹாம் என்ற ஸ்காட்லாந்து வேதியியலாளர் ஏற்கெனவே இதைப் பற்றி ஏகப்பட்ட சோதனைகள் செய்து அட்டவணை அட்டவணையாக வெளியிட்டிருந்தார். ஃபிக் அதைப் படித்தார். எல்லாம் இருக்கிறது, ஆனால் இவ்வளவுக்கும் பின்னால் இருக்கும் ஒற்றை விதி எங்கே? இந்தக் குறைதான் அவரை உறுத்தியது.

அவர் செய்தது ஒரு அழகான ஊகம். சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கு வெப்பம் எப்படிப் பாய்கிறது என்பதற்கு ஃபூரியே ஏற்கெனவே சமன்பாடு எழுதியிருந்தார். மின்சாரத்துக்கு ஓம் எழுதியிருந்தார். உப்பும் அதே மாதிரிதானே போகணும்? உப்பு அதிகமாக இருக்கும் இடத்துக்கும் குறைவாக இருக்கும் இடத்துக்கும் நடுவே உள்ள சரிவு எவ்வளவு செங்குத்தோ, ஓட்டமும் அவ்வளவு வேகம். அந்தச் சரிவை ஒரு எண்ணால் பெருக்கினால் ஓட்டம் கிடைத்துவிடும். அந்த ஒரு எண்தான் 'டிஃபியூஷன் கோஎஃபிஷியன்ட்'.

ஊகம் மட்டும் போதாதே, நிரூபிக்கணும். ஒரு கண்ணாடிக் குழாய். அடியில் உப்புக் கட்டிகள், அதனால் அடிப்பகுதித் தண்ணீர் எப்போதும் முழு உப்பாக இருக்கும். மேல்முனை நல்ல தண்ணீர் நிரம்பிய பெரிய தொட்டிக்குள் திறந்திருக்கும், அதனால் அங்கே உப்பு கிட்டத்தட்ட பூஜ்யம். நடுவில் என்ன நடக்கிறது? நிலைமை சீராகும் வரை குழாயை ஆட்டாமல், அசைக்காமல் காத்திருக்கணும். பிறகு, தராசிலிருந்து ஒரு சின்ன கண்ணாடிக் குண்டைத் தொங்கவிட்டு, ஒவ்வொரு உயரத்திலும் அது எவ்வளவு எடை காட்டுகிறது என்று பார்த்தார். உப்பு அதிகமாக இருந்தால் தண்ணீர் அடர்த்தி, குண்டு எடை குறைவாகக் காட்டும். அவ்ளோதான் கருவி!

நேரான குழாயில் உப்பின் அளவு அடியிலிருந்து மேலே வரை ஒரே நேர்கோட்டில் குறைந்தது. கணக்கு சொன்னதும் அதைத்தான். இத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் ஃபிக் குழாயை எடுத்துவிட்டுப் புனல் வடிவப் பாத்திரத்தை வைத்தார். இப்போது நேர்கோடு வரக் கூடாது, ஒரு குறிப்பிட்ட வளைகோடு வரணும் என்றது சமன்பாடு. வளைகோடே வந்தது. எனக்கு இந்த ஆளிடம் மிகவும் பிடித்த இடம் இதுதான். சரியாக வந்த பிறகும், தப்பாகிவிட வாய்ப்புள்ள இன்னொரு சோதனையைத் தானாகவே தேடிப் போகிறார்.

1855-ல் கட்டுரை வெளியானது. அந்தச் சமன்பாட்டிலிருந்து உடனே கிடைக்கும் ஒரு முடிவைப் பாருங்கள். தூரம் இரண்டு மடங்கானால், பரவ ஆகும் நேரம் நான்கு மடங்காகும். ஒரு செல்லின் அகலம் அளவுக்கு, அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தூரத்துக்குப் பரவ ஒரு சின்ன மூலக்கூறுக்கு ஒரு நொடிகூட ஆகாது. அதே மூலக்கூறு 10 சென்டிமீட்டர் போக கிட்டத்தட்ட இரண்டு மாதம்! நமக்கு இதயமும் ரத்தக்குழாயும் ஏன் தேவை என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது.

தன் உடம்பையே தராசில் வைத்தவர்

அடுத்த வருடமே, 1856-ல், மருத்துவ இயற்பியல் பற்றி ஒரு புத்தகம் எழுதிவிட்டார். அந்தத் துறைக்கே அது முதல் பாடப்புத்தகம் என்று சொல்வார்கள். அப்புறம் சூரிச்சிலேயே பேராசிரியர்.

1865 ஆகஸ்ட் மாதம் ஒரு மலையேற்றம். சக பேராசிரியரான வேதியியலாளர் யோஹன்னஸ் விஸ்லிசேனஸும் கூட வந்தார். சுவிட்சர்லாந்தின் ஃபவுல்ஹார்ன் மலை. பிரியன்ஸ் ஏரிக்கரையிலிருந்து உச்சி வரை 1,956 மீட்டர் ஏற்றம். இது டூர் இல்லை. தசைக்குச் சக்தி கொடுப்பது புரதம்தான் என்று யூஸ்டஸ் லீபிக் என்ற பெரிய மனிதர் சொல்லிவைத்திருந்தார். அது உண்மையா என்று பார்க்கத்தான் இந்த ஏற்றம்.

முந்தைய நாளிலிருந்தே இருவரும் புரதத்தை அறவே தவிர்த்தார்கள். சாப்பாடு, ஸ்டார்ச் மாவைக் கொழுப்பில் பொரித்த பணியாரம் மாதிரி ஒன்று, கூடவே இனிப்பு டீ. சிறுநீரை ஒரு சொட்டு விடாமல் சேகரித்து, அதிலிருந்த நைட்ரஜனை அளந்தார்கள். உடம்பில் எவ்வளவு புரதம் எரிந்தது என்பதை அது காட்டிவிடும். ஃபிக்கின் எடை 66 கிலோ. 66 கிலோவை 1,956 மீட்டர் தூக்க எவ்வளவு சக்தி வேணும் என்பது வெறும் பெருக்கல் கணக்கு. எரிந்த புரதத்திலிருந்து வரக்கூடிய சக்தி அதற்குப் போதவே போதாது என்று தெரிந்தது. புரதம் எரிந்தால் எவ்வளவு வெப்பம் வரும் என்ற துல்லியமான எண்ணை அளந்து கொடுத்தது எட்வர்ட் ஃபிராங்க்லாண்ட் என்ற ஆங்கிலேய வேதியியலாளர். அவர் வேறு யாருமில்லை, ஃபிக்கின் அக்கா சோஃபியின் கணவர். லீபிக்கின் கொள்கை ஆட்டம் கண்டது. சக்திக்கு மாவுச்சத்தும் கொழுப்பும்தான் பிரதானம் என்று இன்று ஜிம் டிரெய்னர் சொல்வதற்குப் பின்னால் இந்த மலையேற்றமும் இருக்கிறது.

அரைப் பக்கத்தில் இதயம்

1868-ல் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அடுத்த 31 வருடம் அங்கேயே. 1870-ல் அந்த ஊர் அறிவியல் சங்கக் கூட்டத்தில் ஒரு சின்ன குறிப்பை வாசித்தார். அச்சில் ஒரு பக்கம்கூட வராது.

இதயம் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ரத்தத்தைத் தள்ளுகிறது? அதுவரை நம்பகமான வழி இல்லை. ஃபிக் சொன்ன வழி, கடைக்காரர் போடும் வரவு செலவுக் கணக்கு மாதிரி. நீங்கள் நிமிடத்துக்கு 250 மில்லி ஆக்ஸிஜன் எடுத்துக்கொள்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நுரையீரலுக்கு வரும் ரத்தத்தில் லிட்டருக்கு 150 மில்லி, அங்கிருந்து கிளம்பும் ரத்தத்தில் 200 மில்லி. அப்படியென்றால் ஒவ்வொரு லிட்டரும் 50 மில்லியை ஏற்றிக்கொண்டு போகிறது. 250-ஐ 50-ஆல் வகுத்தால் 5. நிமிடத்துக்கு 5 லிட்டர். முடிந்தது.

விஷயம் என்னவென்றால், இதை ஃபிக் செய்து பார்க்கவே இல்லை. மற்றவர்கள் அளந்த எண்களை எடுத்து ஒரு உதாரணக் கணக்கு போட்டதோடு சரி. மனிதரின் இதயத்துக்குள்ளிருந்து ரத்தம் எடுப்பது அன்றைக்கு நினைத்தும் பார்க்க முடியாதது. 1886-ல் பிரான்ஸில் நாய்களிடம் செய்து பார்த்தார்கள். மனிதர்களுக்கு வழி திறந்தது 1929-ல், வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் ஜெர்மானிய டாக்டர் தன் கை நரம்பு வழியாகத் தன் இதயத்துக்கே ஒரு குழாயை விட்ட பிறகுதான். அந்தக் குழாயை மருத்துவக் கருவியாக்கிய கூர்னான், ரிச்சர்ட்ஸ் ஆகியோரோடு ஃபோர்ஸ்மனுக்கும் 1956-ல் நோபல் கிடைத்தது. இன்றும் கேத் லேபில் இதயத்தின் வெளியீட்டைக் கணக்கிட ஃபிக்கின் அந்த வகுத்தல் பயன்படுகிறது.

வூர்ட்ஸ்பர்க் ஒயினுக்குப் பேர்போன ஊர். அங்கே உட்கார்ந்துகொண்டு கடைசிக் காலத்தில் தீவிரமான மதுவிலக்குப் பிரசாரம் செய்தார் ஃபிக். ஊரில் எவ்வளவு பேர் அவரை ரசித்திருப்பார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்! அவருடைய அண்ணன் மகன் அடால்ஃப் ஓய்கன் ஃபிக் 1888-ல் கண்ணாடியாலான கான்டாக்ட் லென்ஸை விவரித்துக் கட்டுரை எழுதினார். பெயர் ஒன்றாக இருப்பதால் இணையத்தில் இரண்டு பேரையும் அடிக்கடி குழப்பிவிடுகிறார்கள்.

1899-ல் ஓய்வு. 1901 ஆகஸ்ட் 21-ல் பெல்ஜியத்தின் பிளாங்கன்பெர்கே என்ற கடற்கரை ஊரில் காலமானார்.

உப்பிலிருந்து மூளைக்கு

அவர் இறந்து நான்கு வருடம் கழித்து, 1905-ல், ஐன்ஸ்டீன் ஒரு முக்கியமான முடிச்சை அவிழ்த்தார். ஃபிக் அளந்தது ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போகும் உப்பை. ஆனால் எந்தச் சரிவும் இல்லாத தெளிந்த தண்ணீரிலும் மூலக்கூறுகள் சும்மா இருப்பதில்லை, தாறுமாறாக முட்டி மோதி அலைகின்றன. அந்த அலைச்சல் எவ்வளவு தூரம் போகும் என்பதையும், பரவலைக் குறிக்கும் அதே வகை எண்ணை வைத்தே சொல்லிவிடலாம் என்று காட்டினார் ஐன்ஸ்டீன். 1956-ல் ஹென்றி டோரி, காந்தப்புலத்தில் அணுக்கருக்கள் நடந்துகொள்ளும் விதத்தைச் சொல்லும் சமன்பாட்டுக்குள் ஃபிக்கின் பகுதியைச் சேர்த்தார். 1965-ல் ஸ்டெய்ஸ்கலும் டேனரும் அதை அளக்கும் உத்தியைக் கொடுத்தார்கள்.

உத்தி இப்படி. உடம்புக்குள் இருக்கும் தண்ணீர் மூலக்கூறுகளுக்கு, அவை நிற்கும் இடத்தைப் பொறுத்து ஒரு காந்த அடையாளம் போடுவது. சில பத்து மில்லி நொடிகள் கழித்து அதே அடையாளத்தை அழிப்பது. நகராமல் நின்றவருக்கு அடையாளம் முழுசாக அழியும். நகர்ந்தவருக்குக் கணக்கு பொருந்தாது, அங்கே சிக்னல் குறையும். எவ்வளவு குறைகிறது என்பதிலிருந்து எவ்வளவு அலைந்தது என்று கண்டுபிடித்துவிடலாம். இந்த இடைவெளியில் மூளையில் ஒரு தண்ணீர் மூலக்கூறு நகர்வது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுதான். செல்லின் அளவும் ஏறக்குறைய அதே. அதனால்தான் செல்களில் என்ன நடக்கிறது என்பது இந்த எண்ணில் தெரிகிறது.

1980-களின் நடுவில் பிரான்ஸின் டெனி லெ பியான் இதை மனித மூளைப் படமாக்கினார். மூளைக்குள் தண்ணீர் சுதந்திரமாக இல்லை. செல் சவ்வுகளில் முட்டித் திரும்புகிறது. எனவே நாம் அளப்பது தண்ணீரின் உண்மையான எண் இல்லை, வெளியே தெரியும் எண். 'ஏ.டி.சி'யின் முதல் எழுத்துக்கு அதுதான் அர்த்தம். உடல் வெப்பநிலையில் வெறும் தண்ணீருக்கு இது சுமார் 3.0. நல்ல மூளைத் திசுவுக்கு 0.7, 0.8 அளவில். அலகு, ஒரு நொடிக்கு ஒரு சதுர மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு.

1990-ல் மைக்கேல் மோஸ்லி குழு, பூனைகளின் மூளையில் ரத்தக்குழாயை அடைத்தவுடன் இந்த எண் சட்டென்று விழுவதைப் பார்த்தது. ரத்தம் நின்றால் செல்லுக்குச் சக்தி இல்லை. செல்லின் பம்புகள் நிற்கும். தண்ணீர் உள்ளே புகுந்து செல் வீங்கும். நகர இடம் இல்லாமல் எண் இறங்கும். சி.டி ஸ்கேன் இன்னும் சாதாரணமாகத் தெரியும் நேரத்திலேயே இது காட்டிக்கொடுத்துவிடும்.

படம் பொய் சொல்லலாம்

இங்கேதான் 'எண்' ஏன் தேவை என்ற கேள்வி வருகிறது. டிஃபியூஷன் படத்தில் வெள்ளையாகத் தெரிவதெல்லாம் புதிய பக்கவாதம் இல்லை. பழைய பாதிப்பு, வேறு காரணத்தால் நீர் கோத்த இடம் என்று சிலவும் வெள்ளையாகவே தெரியும். ஏ.டி.சி வரைபடத்தைப் பக்கத்தில் வைத்தால்தான் வேஷம் கலையும். எண் குறைந்திருந்தால் புதுசு. குறையவில்லை என்றால் வேறு காரணம் தேடணும். பக்கவாதம் வந்து ஒரு வாரம், பத்து நாளில் இந்த எண் தானாகவே பழைய நிலைக்கு ஏறும். அதனால் எப்போது நடந்தது என்பதற்கும் அது ஒரு துப்பு.

2018-ல் வெளியான 'டிஃபியூஸ் 3' ஆய்வு இதற்கு நல்ல உதாரணம். அடைப்பு வந்து 6 முதல் 16 மணி நேரம் ஆனவர்கள் அவர்கள். யாருக்கு ரத்தக்கட்டியைக் குழாய் விட்டு எடுப்பது என்று முடிவெடுக்க, மூளையில் ஏற்கெனவே இழந்த பகுதி எவ்வளவு என்று அளந்தார்கள். எம்.ஆர்.ஐ எடுத்தவர்களுக்கு எல்லைக்கோடு ஏ.டி.சி 0.62. அதற்குக் கீழே போன பகுதி 70 மில்லிக்குள் இருக்கணும், காப்பாற்றக்கூடிய பகுதி இன்னும் போதுமான அளவு மிச்சம் இருக்கணும். இப்படித் தேர்ந்தெடுத்துக் கட்டியை எடுத்தவர்களில் 45 சதவிகிதம் பேர் மூன்று மாதத்தில் அடுத்தவர் உதவியில்லாமல் வாழ்ந்தார்கள். மருந்து மட்டும் பெற்றவர்களில் அது 17 சதவிகிதம்.

அதற்காக 0.62 என்பது உயிருக்கும் சாவுக்கும் நடுவே போட்ட கோடு இல்லை. ரத்த ஓட்டம் சீக்கிரம் திரும்பினால், கோட்டுக்குக் கீழே போன திசுவும் சில நேரம் பிழைத்துக்கொள்கிறது.

கட்டிகளில் இன்னும் சிக்கல். செல்கள் நெருக்கியடித்து வளரும் இடத்தில் ஏ.டி.சி இறங்கும். புராஸ்டேட் புற்றுநோயைத் தேட இது பெரிய உதவி. ஆனா, 'போன மாசம் 0.9, இந்த மாசம் 1.1, அப்போ மருந்து வேலை செய்யுது' என்று சொல்லிவிடலாமா? அளவீடுகளைச் சீராக்க வேலை செய்த 'கிபா' என்ற கதிரியக்க நிபுணர்கள் கூட்டமைப்பு இதற்கு வரம்பு சொல்லியிருக்கிறது. மூளைக் கட்டியில் 11 சதவிகிதம் மாறினால்தான் அது நிஜமான மாற்றம் என்று 95 சதவிகித நம்பிக்கையோடு சொல்லலாம். புராஸ்டேட்டில் அது 47 சதவிகிதம்! 0.9-லிருந்து 1.1 என்பது 22 சதவிகித உயர்வு. மூளையில் அது செய்தி, புராஸ்டேட்டில் அது வெறும் ஆட்டமாகவும் இருக்கலாம். இத்தனைக்கும் ஒரே மெஷின், ஒரே முறை என்றால்தான் இந்தக் கணக்கு. வேறு சென்டரில் எடுத்த எண்ணோடு ஒப்பிடுவது இன்னும் ஆபத்து. அதனால், உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த ஸ்கேனைத் திரும்ப எடுக்கச் சொன்னால், முடிந்தவரை அதே இடத்தில் எடுங்கள். பழைய ஃபிலிமோடு சி.டியையும் கொண்டுபோங்கள்.

சரி, மெஷின் சரியாக அளக்கிறதா என்று எப்படித் தெரியும்? அதற்கும் ஒரு சோதனை இருக்கிறது. சின்னக் குழாயில் தண்ணீரை ஊற்றி, சுற்றிலும் ஐஸ் கலந்த தண்ணீரை நிரப்பி, உள்ளே இருப்பது பூஜ்யம் டிகிரிக்கு வரும் வரை காத்திருக்கணும். வெப்பநிலை மாறினால் தண்ணீரின் அலைச்சலும் மாறும், எனவே அவசரம் கூடாது. பிறகு அதை ஸ்கேனருக்குள் வைத்து எடுத்தால் 1.1 வரணும். வரவில்லை என்றால் கோளாறு மெஷினில்.